சொல்தா வீட்டுப் பேத்தி

அடிச்சுடாதீங்க, அடிச்சுடாதீங்க! டைப் மிஷின்லேர்ந்து கையை எடுங்க நடராசண்ணே. ‘சொல்தா வீடு’ன்னு மனுவை ஆரம்பிச்சா முதல் வரியிலேயே தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த வார்த்தையாலதானே நான் இங்க வந்து உங்க முன்னால குந்தியிருக்கேன்!

வேற எப்படித்தான் ஆரம்பிக்கிறதுங்கிறீங்களா? சொல்றேன், சொல்றேன். பேரு சூசைராஜ். வயசு அம்பத்தாறு. பேத்தி அந்தோணிமேரி, நாலு வயசு. இளைப்புண்ணே. பனி இறங்குனா போதும், நெஞ்சு சைக்கிள் பம்பு மாதிரி... அவ அப்பன், என் மவன், மில்லுல தினக்கூலி. புள்ளைங்களுக்கு இலவச வைத்தியம்னு இப்ப பச்சை அட்டை கொடுக்குறாங்க பாருங்க, அது அவளுக்குக் கிடையாதாம். பேரை அடிச்சுட்டாங்க. பக்கத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘சொல்தா வீடு.’ பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன் வீடாம்!

அநியாயமா இல்லையா? நீங்களே சொல்லுங்க... நீங்க எங்க சொல்லப்போறீங்க! வந்ததுலேர்ந்து ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல. நல்ல குணம். எனக்கு அது இருந்திருந்தா...

போன மாசம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல கூட்டம் போட்டாங்க. அட்டை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு. நீங்க நெரவிப் பக்கத்துலேர்ந்து இங்க வந்தே ஆறு மாசந்தான், கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டீங்க. கேக்கணுமே அந்தக் கூத்தை! மண்டபத்தூர்க்காரரு ஒருத்தர், நெலம் வச்சிருக்கவனுக்கு எதுக்குங்கிறாரு. நெலத்துக்காரர் கருப்பையன் எந்திரிச்சு, படகு வச்சிருக்கவனுக்கு மட்டும் எதுக்குங்கிறாரு. கமர் நிஷா டீச்சர்தான், “காய்ச்சல் வர்ற புள்ளைக்கெல்லாம் கொடுங்க”ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். இப்ப நெனச்சா... சரி விடுங்க.

அப்ப ஒருத்தன் எந்திரிச்சான். “பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவன் வீட்டுக்கெல்லாம் பிரான்சுலேர்ந்து பென்ஷன் வருது. அவங்களுக்கு எதுக்கய்யா தர்மம்? சொல்தா வீட்டுக்குக் கிடையாதுன்னு எழுது”ன்னான். ஒரே கைதட்டல். கிளார்க்கு சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கிட்டாரு. பென்ஷன் வர்ற வீடுன்னு எழுதல பாருங்க. சொல்தா வீடுன்னே எழுதிட்டாரு.

யாரா? அது... அது எதுக்கு மனுவுல?

நான்தாண்ணே.

முறைக்காதீங்க. கைதட்டுறாங்கன்னா வாய் நிக்க மாட்டேங்குது. என்ன செய்ய?

அப்புறம் விசாரிக்க ஒரு தம்பி வீட்டுக்கு வந்தாரு. செவுத்துல எங்கப்பா போட்டோ, தலையில பட்டாளத்துத் தொப்பி. “யாருங்க இது?”ன்னாரு. சம்பந்தி வேற அந்த நேரம் பாத்து கூடத்துல உக்காந்திருக்காரு. சொல்தா வீடுன்னு சொல்லித்தானே அவரு பொண்ணை என் மவனுக்குக் கேட்டேன்? “எங்கப்பாதான். சொல்தா!”ன்னேன். நெஞ்சை நிமித்திக்கிட்டு வேற சொன்னேன். அந்தத் தம்பி அங்கேயே பென்சிலால ஒரு கோடு போட்டாரு. எதுக்குப் போடுறாருன்னுகூட எனக்கு உறைக்கல.

கிட்ட வாங்க, சொல்றேன். எங்கப்பா சொல்தா இல்லண்ணே. சொல்தாங்களுக்குச் சட்டை தச்சவரு. கடல் தாண்டுறதாவது! அரசலாத்துப் பாலத்தைத் தாண்டவே யோசிப்பாரு. தைக்கக் கொடுக்க வந்த யாரோ ஒருத்தர் விட்டுட்டுப் போன தொப்பியை ஆசைக்குத் தலையில வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான். அந்த ஊசியாலதான் எங்க அஞ்சு பேரையும் வளத்தாரு. அதைச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரல? அவரு ஒரு நாளும் தன்னைச் சொல்தான்னு சொல்லிக்கிட்டதில்ல. எல்லாம் நான் தச்ச சட்டை.

சரி, அடிங்க. ‘என் தகப்பனார் தையல்காரர்.’ சின்ன எழுத்துல அடிக்க முடியுமா? இந்த மனுவை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்களா? இல்ல, சம்பந்தி அந்தப் பக்கம் வருவாரு...

என்னது, சாட்சி வேணுமா? எங்கப்பா தையல்காரர்னு தெரிஞ்சவங்க யாரு இப்ப உசுரோட... நீங்க போடுறீங்களா? உங்களுக்கு எப்படி... உங்கப்பா சட்டையை எங்கப்பாவா தச்சாரு? அப்ப உங்கப்பா... நெசமான சொல்தாவா!

அப்புறம் எதுக்குண்ணே இந்த வெயில்ல மிஷினைத் தட்டிக்கிட்டு... பென்ஷன்? அம்மா போனதோட நின்னுடுச்சா? அப்ப உங்க வீட்டுப் பேரப்புள்ளைங்க... ரெண்டு பேரா? அவங்க பேரையும்...

அடிச்சுட்டாங்களா.

இவ்வளவு நேரம் நான் பேசுனதையெல்லாம் கேட்டுக்கிட்டா உக்காந்திருந்தீங்க?

உருவுங்க அந்தப் பேப்பரை. உருவுங்கண்ணே! புதுசு சொருகுங்க. ‘கூட்டத்தில் சொல்தா வீட்டுக்குக் கூடாது என்று சொன்ன சூசைராஜ் ஆகிய நான், அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.’ அதுக்குக் கீழ, டீச்சரம்மா சொன்னாங்களே, காய்ச்சல் வர்ற புள்ளைக்கெல்லாம்... அதையே போடுங்க. உங்க பேரப்புள்ளைங்க பேரு, அந்தோணிமேரி பேரு, மூணும் சேத்து. கடைசியில, ‘சூசைராஜ், தையல்காரர் மகன்.’ பெரிய எழுத்துலயே அடிங்க. சம்பந்தி கண்ணாடி இல்லாமயே படிக்கட்டும்.

என்னண்ணே சிரிக்கிறீங்க? ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் சிரிச்சுப் பாக்குறேன்.

போட்டோவுல இருக்குற தொப்பியா? அது உங்கப்பாவோடதா?... உங்கப்பா ரொம்ப நாளா அதைத் தேடிக்கிட்டு இருந்தாரா?