கயிறில்லாத கரைவலை

கரைவலை மீன் எனக்குப் பிடிக்காது. எப்படிக் கழுவினாலும் பல்லில் மண் கடிபடும். மற்றபடி அந்த வலை இழுக்கிற ஆட்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை; அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த மாடியில் எங்கள் கம்பெனி. கணினியில் முப்பரிமாணக் காட்சிகள் வரைந்து, வெளிநாட்டு இராணுவமொன்றின் விமானிப் பயிற்சிக்கு விற்கிறோம். பழகுகிறவன் உண்மையில் பறப்பதில்லை. திரையில் நாங்கள் வரைந்த கரையைப் பார்த்து, எதிரி என்றால் சுடுவான். படகில் வந்திறங்கும் எதிரிகள் வேண்டும் என்று கேட்டார்கள். நான் இறக்கக்கண்டிக்குப் போய், கரையில் நின்று வலை இழுப்பவர்களை ட்ரோனில் படமெடுத்து அப்படியே வரைந்தேன். பின்னுக்குச் சாய்ந்தபடி இரண்டு வரிசை ஆட்கள், பக்கத்தில் ஒரு படகு. வலையையும் கயிற்றையும் மட்டும் அழித்தேன். மெல்லிய கோடுகள் உயரத்திலிருந்து பார்த்தால் திரையில் மினுங்கித் தொல்லை தரும். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

எனக்குக் கீழே வேலை செய்த துசானி வெருகல்காரி. தகப்பன் கரைவலைக்காரர். முதலாளி குணரத்தினமும் இருக்கத்தக்கதாக வாயைத் திறந்தாள்.

"அண்ணா, இது வலை இழுக்கிற ஆக்களெல்லோ. கயிறு இல்லாட்டி மேலயிருந்து பாக்கிறவனுக்கு என்னெண்டு தெரியும்? இதைச் சுட்டுப் பழகினவன் நாளைக்கு உண்மையாவே சுடுவான்."

"உம்மட வேலையைப் பாரும் பிள்ளை," என்றேன்.

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. "அவ சொல்லுறது சரி. கயித்தைப் போட்டு அனுப்புங்கோ."

நேற்று வந்தவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கயிற்றை வரைந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் அதைத் திரும்பவும் அழித்து அனுப்பினேன். அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அது சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் அந்த நாட்டுக் கரையில் நடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களை விமானம் சுட்டது. செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். துசானி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஒரு படத்துக்காக இப்படி அழுகிறவள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது.

ஓம், அழித்தது நான்தான். தெரிந்துதான் அழித்தேன். பயிற்சியில் பார்த்தது போலவே இருந்தது, அதனால் யோசிக்கவே இல்லை என்று அந்த விமானி விசாரணையில் சொன்னானாம். என் வேலையை இதுவரை யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை.