ஐந்து கோடுள்ள ஈயக்குண்டு

ஓஹாயோ மாநிலம், பிரான்ட் கவுண்டி குறிசுடும் சங்கத்தின் பட்டறைப் பொறுப்பாளர் திருமதி வெர்லா டிட்மர் அவர்கள் பணி நிறைவுபெறும் 1980 அக்டோபர் நன்னாளில், சங்கத்தார் அன்போடு வாசித்தளிக்கும் மடல்

குழலின் குணமறிந்த கோமகளே! விசையின் விறைப்பை விரல்நுனியில் விளங்கிக்கொள்ளும் வித்தகியே! இருபத்தொன்பது ஆண்டுகளாக எண்ணெய் மணம் நீங்காத எம் தோழியே, வணக்கம்!

கோல்ட், ஸ்மித் ஆகிய இருவகைக் குறி ரிவால்வர்களும் அண்ணன் தம்பி போன்றவை. எட்ட நின்றால் எங்களுக்கு ஒன்றுதான். தாங்களோ கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். தோட்டா உருளையைத் திறக்க ஸ்மித்தில் தாழை முன்னே தள்ள வேண்டும். கோல்ட்டில் பின்னே இழுக்க வேண்டும். ஸ்மித்தின் உருளை இடமாகச் சுழலும், கோல்ட்டினது வலமாக. ஸ்மித்தின் குழல் குண்டின்மேல் வலம் சாய்ந்த ஐந்து கோடுகளைப் போடும். கோல்ட்டின் குழல் இடம் சாய்ந்த ஆறு. இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தே எங்கள் உயிரை வாங்கினீர்கள். கடைசியில் சொன்ன அந்தக் கோடுகள்தான் ஒருநாள் தங்கள் கோப்பையையே வாங்கிக்கொண்டன.

அறுபத்தெட்டாம் ஆண்டுக் கோப்பைப் போட்டியில் ஐம்பது கெஜ தூரத்தில் ஆளுக்குப் பத்துக் குண்டு. ஏழாம் மேடையில் ஸ்மித்தோடு தாங்கள். எட்டில் லோவெல் ஹேட்ச், ஒன்பதில் முடிதிருத்துநர் எல்ராய் ஃபென்ஸ்கி, இருவர் கையிலும் கோல்ட். சுட்டு முடித்துப் பார்த்தால் ஹேட்ச்சின் அட்டையில் பதினோரு ஓட்டைகள். பத்து நடுவில், ஒன்று மட்டும் ஓரத்தில். தங்கள் அட்டையில் ஒன்பது. நடுவிலிருந்த கிழிசலை இரண்டு குண்டு போன வழி என்று நடுவர் கணக்கில் கொண்டார், தாங்களும் அப்படியே நம்பினீர்கள். ஃபென்ஸ்கியின் அட்டையிலும் ஒன்பதுதான். புதியவர் ஆயிற்றே, பழி அவர் தலையில் விழுந்தது.

"முடிவெட்டுற கைதானே, பக்கத்து ஆள் தலையிலயும் பட்டுடுச்சு" என்றார் ஹேட்ச். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறோம். கோப்பை தங்கள் கைக்கு வந்தது. திங்கட்கிழமை ஃபென்ஸ்கி தம் கோல்ட்டைப் பட்டறையில் வைத்து, விற்றுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே எட்டாம் அட்டையின் மரச்சட்டத்தைச் செப்பனிடப் போனீர்கள். ஓரத்து ஓட்டைக்கு நேர் பின்னே, மரத்தில் ஒரு ஈயக்குண்டு புதைந்திருந்தது. தோண்டி எடுத்தீர்கள். அருகில் யாரும் இல்லை. பாடம் கேட்டோமே தவிர, நசுங்கிய குண்டில் அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவரும் சங்கத்தில் வேறு யாரும் இல்லை.

புதன்கிழமைக் கூட்டத்தில் கோப்பையை மேசைமேல் வைத்து, பக்கத்தில் குண்டையும் வைத்தீர்கள். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று தலைவர் மழுப்பினார்.

"எனக்குத் தெரியுமே. அஞ்சு கோடு, வலப்பக்கமா சாயுது. அவங்க ரெண்டு பேர் கையிலயும் கோல்ட்டு. தப்பான அட்டையில சுட்டது நான்தான்" என்றீர்கள்.

ஃபென்ஸ்கியின் பத்தாம் குண்டு எந்த அட்டையிலும் படாமலே போயிருந்தது. தங்களுக்குப் பத்துப் புள்ளி போயிற்று. கோப்பை ஹேட்ச்சுக்குப் போயிற்று. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் முயன்றும் கோப்பை ஒன்றும் தங்கள் கைக்கு வரவே இல்லை. வருத்தம் இருந்ததா என்று கேட்டால், "இல்லாம என்ன?" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொள்வீர்கள்.

மறுநாள் தாங்களே முடிதிருத்தும் கடைக்குப் போய், நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கோல்ட்டைத் துணியில் சுற்றி நீட்டினீர்கள்.

"இதை நான் விக்கமாட்டேன். சனிக்கிழமை வந்து சுடுங்க."

அவர் வந்தார். மோசமாகத்தான் சுட்டார். இன்றும் சுமார்தான். ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை.

பெருமைக்குரியவரே! உடல் நலமும், ஏரியில் நிறைய மீனும், கண்ணாடி போடாமலே படிக்கக் கண்ணும் பெற்று நெடுநாள் வாழ்க! கோப்பை ஹேட்ச் வீட்டில் இருக்கிறது. அதைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. அந்தக் குண்டை மட்டும் இந்தச் சட்டத்தின் கண்ணாடிக்குள், மடலின் கீழ்மூலையில் பதித்திருக்கிறோம். கோடுகள் வெளியே தெரியும்படியே வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் பணியாளர்களும் உறுப்பினர்களும்

எழுதி வாசிப்பவர்: எல்ராய் ஃபென்ஸ்கி, ஒன்பதாம் மேடை