முன் என்ற கட்டம்

எனக்குக் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி ஆடுகிறது, ஐயா. பின்பக்கத்து இடது கால் கொஞ்சம் குட்டை. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பதினாறு வருடமாக நான் பொருட்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். ஒன்றைப் பார்த்ததுமே அது எங்கே தப்பு செய்யும் என்றுதான் கண் முதலில் தேடும்.

வடிவமைக்கும் வேலை என்றேனே தவிர, நான் வடிவமைத்த பொருள் ஒன்றுகூட இன்றுவரை யார் வீட்டிலும் இல்லை. எங்கள் நிறுவனத்தில் யோசனை சொல்ல யாராலும் முடியும். அதை வளர்த்து, வரைந்து, மாதிரி செய்து, ஒரு ஆளைப் பயன்படுத்த வைத்து, கடைசியில் பன்னிரண்டு பக்க முன்மொழிவாகத் தேர்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். என் ஒன்பது யோசனைகள் முதல் பக்கத்தோடு நின்றுபோயின. அதனால் அலுவலகத்தில் எனக்கு 'முதல் பக்கம்' என்றே பெயர். நான் கருவியைக் குறை சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது எடுத்துவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

"இதுதான் உனக்குக் கடைசிப்பா. இதுவும் முதல் பக்கத்துல நின்னுச்சுன்னா, அட்டைப்பெட்டி பிரிவுக்குப் போயிடு. அங்கயும் மனுசங்கதான் வேலை பாக்குறாங்க."

எனக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. எனக்குப் பிறகு மிஞ்சுவது ஏதாவது ஒரு பொருளாகத்தான் இருக்க முடியும். அட்டைப்பெட்டியில் அடுத்தவர்களின் பொருளை வைத்து மடித்துக்கொண்டே கிழவனாவேன் என்று பயந்தேன். அந்தப் பயத்தை மட்டும் நீங்கள் கூட்டியும் குறைக்காமலும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

இனி அண்ணனைப் பற்றி. என்னைவிட ஏழு வயது மூத்தவர், எலக்ட்ரீஷியன். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு கீழே இருப்பவர்களிடம் கதை பேசுகிற ஆள். போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து உள்காதைக் கெடுத்துவிட்டுப் போனது. தலையைச் சட்டென்று திருப்பினால் உலகமே சுற்றும் என்பார். அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீட்டில், மாடியில் இருந்தோம். தெருவுக்குப் போகப் பதிமூன்று படிகள். வீட்டுக்குள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பார். தோள் உயரத்தில் சுவர் நெடுக அவர் உள்ளங்கை அழுக்கு ஒரு கோடாகப் படிந்திருந்தது. படிகளில் குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். தெருவில் இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று இறங்குவதையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "சாயுறது எனக்குத் தெரியுதுடா. எந்தப் பக்கம்னுதான் தெரியல. யாராவது காதுல சொன்னா போதும், நிமிந்துக்குவேன்."

அதுதான் யோசனை. அவருடைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே வரைந்துவிட்டேன். இடுப்பில் ஒரு பெல்ட். அதன் நாலு பக்கமும் செல்போனில் அதிர்வதற்கு இருக்குமே, அந்த மாதிரிச் சின்ன மோட்டார்கள். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து மோட்டார் துடிக்கும். உள்ளே சிப் என்கிற ஒரு சில்லு ஒவ்வொரு சாய்வையும், விழுந்தால் விழுந்ததையும், நேரத்தோடு பதிந்துகொள்ளும்.

முதல் மாதிரி அவர் இடுப்பில் நிற்காமல் நழுவியது. இரண்டாவது, இருமினால்கூடத் துடித்தது. மூன்றாவதில் வயர்களை அண்ணனே பற்றவைத்தார். "உன் சால்டரிங்க பாத்தா எனக்கு மறுபடி காய்ச்சல் வந்துரும். குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டார். அதைக் கட்டிய நாளில் கூடத்தின் நடுவில், எதையும் பிடிக்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். "டேய், பேசுதுடா. இடது பக்கம் பேசுது" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெல்ட் துடிப்பதற்குப் பேசுவது என்று பெயர். அண்ணி அழுதுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி வந்து சுவரிலிருந்த அந்தக் கோட்டை அழித்தார்.

ஐந்து வாரத்தில் பதினொரு பக்கம் எழுதி முடித்தேன். படங்கள், அளவுகள், பாகங்களின் பட்டியல், பயனரின் சொந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. தலையைத் திடீரென்று திருப்புவதுதான் இவருக்கு மிகவும் ஆபத்து என்று இரண்டாம் பக்கத்தில் நானே எழுதினேன். மேலாளர் முழுவதையும் படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை உண்டு, இரண்டே கட்டங்கள். 'முன்' என்பதன் கீழ், பொருளைப் பயன்படுத்துவதற்கு முன் எத்தனை முறை விழுந்தார் என்று எழுத வேண்டும். 'பின்' என்பதன் கீழ், பயன்படுத்திய பின் எத்தனை முறை. பின்னில் பூஜ்யம் போட்டிருந்தேன். முன் காலியாக இருந்தது. அண்ணனை ஒரு மாதம் அளந்துவிட்டு அதற்கப்புறம் பெல்ட்டைக் கொடுத்திருக்க வேண்டும். ஆசையில் மாதிரியை முதலில் கட்டிவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மேலாளர் கட்டத்தைத் தட்டிக் காட்டினார். "முன் இல்லாம முன்மொழிவு எப்படிப்பா?" என்று சிரித்தார். பிறகு அடிக்குறிப்பைக் காட்டினார். முன் கட்டத்தில் ஐந்துக்குக் குறைவாக இருந்தால் குழு பரிசீலிக்காது. கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று வாரம் இருந்தது.

பெல்ட்டைக் கழற்றச் சொல்லி அளந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கழற்றினால் அவர் மறுபடி சுவரைப் பிடித்துக்கொள்வார். சுவரைப் பிடித்து நடப்பது இயல்பான நடை இல்லை. இயல்பான நடையைத்தான் அளக்க வேண்டும். இதை நான் இரண்டு நாள் நிதானமாக யோசித்தேன். மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போனபோது பெல்ட்டின் உள்துணியைப் பிரித்து, மோட்டார்களுக்குப் போகும் சிவப்பு வயரை நறுக்கி, அதே நூலால் தைத்துவிட்டேன். சில்லுக்குப் போகும் வயரைத் தொடவில்லை. அது வழக்கம்போல் பதிந்துகொண்டிருந்தது.

முதல் முறை குளியலறை வாசலில் விழுந்தார். நெற்றி புடைத்தது, அவ்வளவுதான். நான்தான் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றினேன். இரண்டாவது அடுப்படியில். மூன்றாவதில் இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் வரிசையில் நின்றது, மருந்து வாங்கியது, சட்டை பொத்தானைப் போட்டுவிட்டது, சோற்றைப் பிசைந்து கொடுத்தது எல்லாம் நான்தான். "தம்பி அண்ணன விழுந்து விழுந்து கவனிச்சுக்கிறாரு" என்று அண்ணி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் தேதிவாரியாக எழுதிக்கொண்டிருந்தேன். விழுந்தது அவர், கவனித்தது நான். வேலை அப்படித்தான் பங்காகியிருந்தது.

மாவுக்கட்டு போட்ட மறுநாள் அண்ணன் கேட்டார்: "என்னடா, பெல்ட் பேசவே மாட்டேங்குது?"

"நீங்க சாயவே இல்லண்ணா. சாஞ்சாத்தானே பேசும். உடம்பு தேறிட்டு வருது."

"அப்ப ஏன்டா விழுறேன்?"

"அது கால் தடுக்குறது. நடந்து பழக்கம் விட்டுப்போச்சில்ல."

அவர் தலையாட்டினார். மெதுவாகத்தான், திருப்பாமல். முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். உள்துணியைப் பிரித்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். அவர் பிரிக்கவில்லை. தம்பி செய்தது என்று அப்படியே கட்டிக்கொண்டார். பெல்ட் பேசாததால் தன்னிடம் ஆட்டமே இல்லை என்று நம்பி, முன்பைவிட வேகமாக நடந்தார். நாலாவது முறை கூடத்தில் விழுந்து முன்பல் ஒன்று உடைந்தது. அன்று அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"போதும், இத கழட்டி வைங்க. பழையபடி சுவத்தப் புடிச்சுட்டே நடங்க. பெயிண்ட் போனா போகுது."

"இன்னும் ஒரே வாரம் அண்ணி," என்றேன். "எனக்காக."

அண்ணி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, உள்ளே போய்விட்டார். அண்ணன் ரத்தம் துடைத்த துணியை வாயில் வைத்துக்கொண்டே, "விடு, அவனுக்கு இது பெரிய விஷயம். முடிச்சுக் குடுக்கட்டும்" என்றார். அன்று நான் உண்மையிலேயே அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

அந்த ஒரு வாரமும் அவர் விழவில்லை. பயத்தில் அதிகம் உட்கார்ந்தே இருந்தார். கொடுக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். முன் என்ற கட்டத்தில் நாலு என்று இருந்தது. வெறுமனே ஐந்து என்று எழுதியிருக்கலாமே என்பீர்கள். சில்லின் பதிவையும் சேர்த்து அனுப்ப வேண்டும், ஐயா. அதோடு, பொய்க்கணக்கு எழுதும் வழக்கம் எனக்கு இல்லை.

காலை பத்து மணி இருக்கும். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். பழைய வேலையிடத்துக்குப் போய்க் கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு, தரையில் நின்று செய்யும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்கப் போவதாகச் சொன்னார். நான் வாசலுக்கு வந்தபோது மேலிருந்து நாலாவது படியில் இருந்தார். உட்கார்ந்து இறங்கவில்லை. நடந்து இறங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடி இடது பக்கம். இடது கையில் மாவுக்கட்டு. தலையை நேராக வைத்து, ஒவ்வொரு காலாக, மிகச் சரியாகத்தான் இறங்கினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தெருவுக்குப் போயிருப்பார்.

நான் "அண்ணா" என்று கூப்பிட்டேன்.

கத்தவில்லை. எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் அவர் எப்போதும் திரும்பிப் பார்ப்பார். சின்ன வயதிலிருந்தே அப்படி. "என்னடா?" என்று திரும்பினார்.

ஒன்பது படிகள். நான் இறங்கிப் போய் முதலில் பெல்ட்டைக் கழற்றினேன். மூச்சு விட வசதியாக இருக்கட்டும் என்று கழற்றுவதாக அண்ணி நினைத்துக்கொண்டு அவர் தலையைத் தாங்கிப் பிடித்தார். அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து நாலை ஐந்தாக மாற்றி, பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினேன். டாக்டர் வெளியே வந்து எங்களிடம் சொன்னபோது பன்னிரண்டேகால். சாயங்காலம் மேலாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. 'கடைசிப் பக்கம் வரைக்கும் போயிட்ட. குழு ஏத்துக்கிச்சு' என்று எழுதியிருந்தார். அதை நான் நாலு முறை படித்தேன்.

சில்லை எடுத்துக்கொண்டு பெல்ட்டை அவருடைய துணிகளோடு வைத்துவிட்டேன். துக்கத்துக்கு வந்திருந்த அவர் கூட்டாளி ஒருவர் அதைக் கையில் எடுத்து, அண்ணனின் சால்டரிங் என்று தடவிப் பார்த்திருக்கிறார். ஒரு இடத்தில் பிரித்து மறுபடி தைத்த தையல் அவர் விரலில் தட்டுப்பட்டிருக்கிறது. அதைத்தான் பிரித்து இந்த மேசையில் வைத்திருக்கிறீர்கள். வயரை நறுக்கியது நான். படியில் கூப்பிட்டது நான். திரும்பினால் விழுவார் என்று தெரிந்தே கூப்பிட்டேன். அந்தப் பெல்ட் பேசியவரை நன்றாகத்தான் வேலை செய்தது, ஐயா. தவறு என்று பார்த்தால் நான் செய்தது ஒன்றுதான்: முன் கட்டத்தை நிரப்பாமல் மாதிரியைக் கொடுத்தது.

இல்லை. அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தது என்று சொன்னேன். அதில் எழுத வேண்டிய எண் எனக்கு முதல் நாளே தெரியும், அண்ணிக்கும் தெரியும். காய்ச்சல் விட்டு எழுந்ததிலிருந்து பெல்ட் கட்டிய நாள் வரை ஏழு மாதம், சுவரைப் பிடித்துக்கொண்டும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியும் இருந்த என் அண்ணன் ஒரு முறைகூட விழவில்லை.