குளிர் அறைக்கு ஒரு கேபிள்

இன்டர்நெட் ஒழுங்காக வரும்வரை என்னை யாரும் நினைப்பதில்லை, சார். நின்றுபோனால்தான் ஆளாளுக்கு என்னைத் தேடுவார்கள், அதுவும் வாயில் நல்ல வார்த்தையோடு அல்ல.

அக்கா வீட்டுக்காரரின் ஐஸ்கிரீம் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான். முதலில் ஆபீஸ் அறை மட்டும்தான். பிறகு பேக்கிங் கொட்டகை வந்தது, அங்கேயும் லைன் இழுத்துக் கொடுத்தேன். அப்புறம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் குளிர் அறைக் கட்டடம் எழும்பியது. சரக்கு இருப்பை ஆபீஸில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும், உள்ளே ஒரு கேமரா வேண்டும் என்றார் அத்தான். ஆசை அவருக்கு, அலைச்சல் எனக்கு.

வைஃபை போட்டுப் பார்த்தேன். குளிர் அறையின் இரும்புச் சுவருக்குள் அது சரியாக நுழையவில்லை. கதவைச் சாத்தினால் செல்போன் சிக்னலே அங்கே கிடையாது. வாடிக்கைக்காரர்களுக்கு முன்னால் படம் நின்று நின்று வந்தபோது, அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மாப்ள, இந்த வாரத்துக்குள்ள படம் சரியா வரலன்னா வெளியாள வெச்சுக்கறேன். நீ வீட்ல உக்காந்து உங்கக்காவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது. அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை, அது அவருக்கும் தெரியும்.

கேபிள்தான் ஒரே வழி. ஆனால் முற்றத்துக்கு அடியில் இருந்தது ஒரு சின்னக் குழாய், அதில் ஏற்கெனவே பெல் வயர் இருந்தது. குளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்கு ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அமுக்கினால் ஆபீஸில் பெல் அடிக்கும். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ரொம்ப நாளாகிறது. மாற்றச் சொன்னால், அதுதான் பெல் இருக்கிறதே என்பார் அத்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். குழாயில் புதுக் கேபிள் நுழையாவிட்டால், பழைய வயரின் வாலில் அதைக் கட்டி மறுபக்கம் நின்று இழுப்போம். பழையது வெளியே வர, புதியது உள்ளே போகும். பெல் வயரின் வாலில் கட்டி இழுத்தேன், சும்மா வழுக்கிக்கொண்டு போயிற்று. பெல்லுக்கு அப்புறம் வேறு ஏற்பாடு செய்யலாம் என்று இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வெங்காயக் கதை வரும்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குப் போனபின் கேமராவை ஓடவிட்டேன். அத்தானுக்கு என்மேல் என்றைக்கு நம்பிக்கை இருந்தது? நானே உள்ளே போய் நிற்கிறேன், என் முகம் தெளிவாகத் தெரிகிறதா பார் என்று அரைக்கைச் சட்டையோடு கிளம்பிவிட்டார். போனில் கேட்டார்:

"தெரியுதா மாப்ள?"

"வெளிச்சம் அடிக்குது அத்தான். கதவச் சாத்திட்டு நில்லுங்க."

வெளிச்சம் அடித்தது உண்மைதான் சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவு சாத்தியதும் போன் கட்டானது. படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கதவைத் தள்ளினார். பிறகு பட்டனை அமுக்கினார். பதறவேயில்லை. பெல்மேல் இருந்த நம்பிக்கையில் பாதி என்மேல் இருந்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் கேமராவைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். சத்தம் வராத கேமராதான், ஆனாலும் அந்தத் திட்டுகள் எனக்கு மனப்பாடம்.

எழுந்து போகத்தான் நினைத்தேன். போனால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? பெல் ஏன் அடிக்கவில்லை என்பார். என்ன பதில் சொல்வது? பதில் கிடைத்ததும் போய்த் திறக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். டீ போட்டுக் குடித்தேன். அக்கா போன் செய்தாள். அத்தான் வேலையாக இருக்கிறார், வர நேரமாகும் என்றேன். அவர் பட்டனை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். எனக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம். வயரை உருவியது நான், கதவைச் சாத்தச் சொன்னது நான், திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவை நீங்களும் போட்டுப் பார்த்தீர்கள். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அத்தான் இருந்திருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருப்பார்.