காலில் மிச்சம் வைக்காதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் போஹ்தானா அம்மையார் அவர்களே, இசைக்குழுவின் மூத்தவர்களே, யாரினா அக்காவைப் பெற்ற தாயே, இந்த நிலவறையில் மேலங்கியோடு நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் கார்கிவ் மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் சோலோமியா. குழு நடனத்தில் கடைசி வரிசை. பள்ளியைப் பாதியில் விட்டவள். பேச வேண்டியதில்லை என்பதற்காகவே பாலேவுக்கு வந்தவள். ஆனாலும், நம் முதன்மை நடனக் கலைஞர் யாரினா ஹோலுப் அவர்களைப் பற்றி, ஒப்பனை அறையில் பக்கத்து நாற்காலிக்காரி பேசாமல் யார் பேசுவது?

சனிக்கிழமை காட்சி நடக்குமா என்று கேட்கிறீர்கள். நேற்று கல்லறையில், நம் நாடகக்காரர் வழக்கப்படி கைதட்டி யாரினா அக்காவை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது அம்மையார் என்னிடம் கேட்டார்: “அவ ஆட்டம் தெரிஞ்சது உனக்குத்தான். ஆடுறியா, இல்ல நிறுத்திடவா?” நாளைக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன்.

போரால் மேல் அரங்கம் மூடப்பட்டபோது பலர் வெளிநாடு போனார்கள். அது தவறா? இல்லை. பாலே ஆடுபவளுக்குக் கால் இருக்கும் காலமே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் போர் தின்கிறது. யாரினா அக்காவையும் போலந்திலிருந்து அழைத்தார்கள். அவர் இங்கேயே ஆடினார்.

இங்கே நடந்த முதல் ஒத்திகை நினைவிருக்கிறதா? பழைய பழக்கத்தில், அவருடன் ஜோடியாக ஆடும் ஓஸ்தாப் அண்ணன் அவரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். மேலே தண்ணீர்க் குழாய். மோதிய சத்தத்தில் பியானோ நின்றது. அக்கா மேலே இருந்தபடியே, “எறக்குடா ஓஸ்தாப். குழாய்க்கு அடிபட்டிருக்கப் போகுது” என்றார். அன்றே தூக்கல்களை எல்லாம் தோளளவுக்கு மாற்றினார். பறக்க முடியாத கூரைக்குக் கீழே பறப்பதுபோல் காட்டினார்.

ஒத்திகையில் முழுதாக ஆடாமல், அசைவுகளைக் கையசைத்துக் குறித்துக்கொள்வோம். காலின் பலத்தைக் காட்சிக்கு மிச்சம் வைப்போம். அதுதான் நம் வழக்கம். அப்படி மிச்சம் வைத்து வந்த ஒரு நாள், திரை விலகும் முன் மின்சாரம் போனது. காட்சி நடக்கவே இல்லை. அதன் பிறகு அக்கா எந்த ஒத்திகையிலும் மிச்சம் வைக்கவில்லை.

திங்கட்கிழமையும் முழுதாக ஆடினார். “கால் போயிரும்க்கா. சனிக்கிழமைக்கு வேணாமா?” என்றேன்.

“சனிக்கிழமைய யாருடி எனக்கு எழுதிக் குடுத்தா? இன்னிக்கு நீ இருக்கியே, உனக்கு ஆடுறேன். கொட்டாவி விடாம பாரு.”

பார்த்தேன். பியானோ வாசித்தவர் பார்த்தார். தரை துடைக்க வந்தவர் வாளியை வைத்துவிட்டு நின்று பார்த்தார். மறுநாள் காலை அக்கா நின்றிருந்த டிராம் நிறுத்தத்தில் ஏவுகணை விழுந்தது.

போர் நடக்கும்போது நடனம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். திங்கட்கிழமை அந்த ஒரு மணி நேரம் நாங்கள் எதற்கும் பயப்படவில்லை. எனக்கு அது மட்டும் தெரியும்.

அம்மையார் அவர்களே, நான் ஆடுகிறேன். அவரைப்போல் எனக்கு வராது. ஆனால் ஒவ்வொரு அசைவும் எனக்குத் தெரியும், அவர் எதையும் குறைக்காமல் ஆடிக் காட்டியதால்.

ஓஸ்தாப் அண்ணன் வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் இதே இடத்தில் ஒத்திகை. நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்திக் கொடுங்கள். முழுதாகத்தான் ஆடப்போகிறோம். இருக்க முடிந்தவர்கள் இருந்து பாருங்கள்.