ஐம்பதாயிரம் புள்ளி, மூன்று எழுத்து

காபி நன்றாக இருக்கிறது. அரசு வக்கீல் அலுவலகத்தில் இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவசரமில்லை என்று நீங்கள் சொன்னதால் முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயரை மட்டும் முழுதாக எழுதச் சொல்லுங்கள்: நஸாரியோ தெஹேதா கோபோஸ். நம் ஊரில் எல்லோருக்கும் அப்பா வழியில் ஒரு குடும்பப் பெயர், அம்மா வழியில் ஒன்று. அந்த இரண்டாவது பெயரால்தான் இவ்வளவும் வந்தது.

அல்வராதோவில் ஃப்ரிட்ஜ், மின்விசிறி, பழைய டிவி பழுது பார்ப்பது என் வேலை. முப்பது வருடங்களில் நான் தொட்டு மூடிய எதிலும் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை. நடந்தது கவனக்குறைவு என்று சொல்லச் சொல்லி என் வக்கீல் கெஞ்சுகிறார். பாவம், இளைஞர். அப்படிச் சொன்னால் என் தொழிலுக்கு அவமானம் என்பது அவருக்குப் புரியவில்லை.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒப்துலியாம்மா ஐஸ் துருவிச் சர்பத் ஊற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். தொண்ணூற்றொன்றாம் வருடம் அங்கே ஒரு வீடியோ கேம் மெஷின் வந்து நின்றது. மேலிருந்து நண்டுகள் இறங்கும். கீழிருந்து ஒரு சின்ன விண்கலம் அவற்றைச் சுட வேண்டும். அதிகப் புள்ளி எடுத்தவன் திரையில் தன் பெயரை எழுதலாம், மூன்றே எழுத்தில். எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் கடைக்கு ஐஸ் கட்டி சுமந்தவன் நான்தான். அதனால் என்னை எல்லோரும் ‘புர்ரோ’ என்று கூப்பிட்டார்கள். கழுதை. காதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒருநாள் மத்தியானம் நான் முதலிடம் பிடித்தேன். புர்ரோவின் முதல் மூன்று எழுத்தைப் பதித்தேன். பி, யு, ஆர். ஐம்பதாயிரம் புள்ளி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சுளையாக ஐம்பதாயிரம்.

அதற்குப் பிறகு என் பெயர் எதிலும் முதலில் வந்ததில்லை. என் கல்யாணப் பத்திரிகையில்கூட மாமனாரின் மீன் கம்பெனிக்குக் கீழேதான் இருந்தேன்.

இனி லிசென்சியாதோவுக்கு வருவோம். நீங்களும் சட்டம் படித்த லிசென்சியாதாதான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அவரை அவருடைய மனைவியே அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார். பால்தஸார் உர்ரேயா ரெந்தெரியா. இரண்டு முறை நகர மன்ற உறுப்பினர். மூன்றாவது முறை தோற்றபோது அவருக்குக் குழந்தைப் பருவம் ஞாபகம் வந்தது. ‘பழைய விளையாட்டுகளின் நினைவில்லம்’ ஒன்றைத் திறந்தார். “என் மக்களுக்கு அவர்கள் இழந்த பால்யத்தைத் திருப்பித் தருகிறேன்” என்று பேசினார். புகைப்படக்காரர் தாமதமாக வந்ததால் நாடாவை மூன்று தடவை வெட்டினார்.

ஒப்துலியாம்மாவின் கொல்லையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த அந்த மெஷினை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான்கு மாதம் உட்கார்ந்து உயிர் கொடுத்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: இந்த வகை மெஷினுக்கு ஞாபகம் கிடையாது. கரண்ட் போனால் எடுத்த புள்ளி எல்லாம் அழிந்துவிடும். தொழில் தெரிந்த எவனும் இதைத்தான் சொல்வான். அதனால்தான் முதல் தடவை விசையைப் போட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரையில் பட்டியல் வந்தது. பி, யு, ஆர், ஐம்பதாயிரம். அடுத்தவனுக்கு நாற்பதாயிரம். அதற்கடுத்தவனுக்கு முப்பதாயிரம். முப்பது வருடம் கரண்டே இல்லாமல் கிடந்தும் அது என்னை மறக்கவில்லை.

லிசென்சியாதோ எனக்குப் பின்னால்தான் நின்றார்.

“பால்தஸார் உர்ரேயா ரெந்தெரியா! பாருங்கய்யா, என்னோட மூணு எழுத்து! எனக்காகவே காத்துக்கிட்டு இருந்திருக்கு!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இல்லீங்க, அது என்னோடது. புர்ரோன்னு நான் எழுதினது,” என்றேன்.

“அட போய்யா. தன்னைத்தானே கழுதைன்னு எழுதிக்கிற ஒரு கழுதைய எங்கயாச்சும் பாத்திருக்கியா?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாட்சிக்கு ஒப்துலியாம்மாவைக் கேட்டேன். “எனக்கென்னடா தெரியும்? அப்ப நீங்க எல்லாருமே கழுதைங்கதான். கத்துறதுல எவன் எவன்னு பிரிச்சா பாத்தேன்?” என்றார். இதில் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

லிசென்சியாதோ அந்தக் காலத்தில் ஹலாப்பாவில் விடுதியில் தங்கிப் படித்தார். லீவுக்கு வந்தால் ஷூ, சாக்ஸோடு கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். ஆனால் அடுத்த வாரம் மெஷினுக்கு மேல் ஒரு பித்தளைத் தகடு ஏறியது: ‘இம்மண்ணின் முதல் சாதனையாளர்.’ கீழே அவர் பெயர். நான்கு திருகாணிகளையும் நான்தான் முடுக்கினேன். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்றும் பார்த்தேன்.

அதன் பிறகு எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் தரை ஐஸ் தண்ணீரில் நனைந்திருக்கும் என்று தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள் என்று மெஷினைத் திறந்துவைக்கும் நாளில் தன் செருப்பைக் கழற்றப்போவதாக அறிவித்தார். அப்புறம் ஒருநாள் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

“ஏய் நஸாரியோ, அப்பல்லாம் இதத் தொட்டா சுருக்குன்னு ஒரு கடி கடிக்குமே, அது எங்கய்யா?”

“எர்த் கம்பி போட்டிருக்கேன் லிசென்சியாதோ. இனி கடிக்காது.”

“கடிக்காம அது என்னய்யா பால்யம்? கழட்டு அத.”

“ஈரத் தரையில ஆபத்துங்க.”

“எழுதிக் குடுத்தாத்தான் செய்வியோ?”

ஆமாம் என்றேன். முத்திரைத்தாளில் எழுதியே கொடுத்தார். உங்கள் கோப்பில் இருக்கிறது. கீழே கையெழுத்தைப் பாருங்கள். அவர் எப்போதும் முழுப் பெயரை வளைத்து வளைத்துப் போடுவார். அன்று மூன்றே எழுத்துப் போட்டார். பி, யு, ஆர். அதைப் பார்க்கும்வரை நான் எந்த முடிவும் எடுத்திருக்கவில்லை.

ஒரு கம்பியைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். இன்னொரு கம்பியை அவர் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். அதற்கு ஒரு ரிமோட் விசை, என் சட்டைப் பைக்குள்.

மெஷினின் திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஊரே வந்திருந்தது. நம் சாராயக் கடைகளில் ஷாக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவனை உங்களுக்குத் தெரியும். இரண்டு பித்தளைக் குழாயைக் கையில் கொடுத்துச் சாவியைத் திருகுவான். யார் அதிக நேரம் தாங்குகிறார் என்று சுற்றி நின்று கை தட்டுவோம். அதற்குக் காசும் கொடுப்போம். லிசென்சியாதோ அன்று பேசும்போது, “இந்த மெஷின் என்னைக் கடிக்கும், பாருங்கள்” என்று தானே சொல்லிவிட்டார். எனக்கு அது உதவியாக இருந்தது.

செருப்பைக் கழற்றினார். ஆடத் தொடங்கினார். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக ஆடுவார் என்று நான் நினைக்கவில்லை. நாற்பதாயிரம். நாற்பத்தைந்து. நடுவில் தோற்றிருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். அவருக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஐம்பதைத் தாண்டினார். அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது காட்டியபோது பைக்குள் கையை விட்டேன்.

அவர் உடம்பு விறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினோடு ஒட்டி நின்றார். அவருடைய விண்கலம் வெடித்தது. பெயரை எழுதச் சொல்லித் திரை கேட்டது. கைப்பிடி அவர் கைக்குள் நடுங்கியதில் எழுத்துகள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. கூட்டம் கை தட்டியது.

“தாங்குங்க லிசென்சியாதோ, தாங்குங்க!”

“மனுஷன்னா இவரு! விட்டுடாதீங்க!”

ஒப்துலியாம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “டேய் எருமைங்களா, அவன் சாகுறான்டா! கரண்ட நிறுத்துங்கடா!” என்று மெயின் விசைக்கு ஓடி வந்தார். நான் அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். “தண்ணியில கால் வைக்காதீங்கம்மா” என்று கையைப் பிடித்தேன். அது சரியான எச்சரிக்கைதான். அவரை நான் தடுத்ததாகச் சாட்சி சொல்கிறார்கள். தடுத்தேன். ஆனால் லிசென்சியாதோ சாக வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. கரண்டை நிறுத்தினால் பட்டியல் போய்விடும். ஒரு தடவை தப்பியது இரண்டாவது தடவையும் தப்புமா என்று யோசித்தேன். நாற்பது விநாடி யோசித்தேன் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு நேரமாகத் தெரியவில்லை. பிறகு ஒப்துலியாம்மா என்னைத் தள்ளிவிட்டு விசையை இறக்கினார்.

டாக்டர் வந்து லிசென்சியாதோவை மேசை விரிப்பால் மூடினார். எல்லோரும் அந்தப் பக்கம் குனிந்திருந்தபோது என் கம்பியைக் கழற்றிவிட்டு மெஷினை மறுபடி போட்டேன். நண்டுகள் வந்தன. பட்டியல் வந்தது. அவருடைய அறுபத்தோராயிரம் இல்லை. பி, யு, ஆர், ஐம்பதாயிரம் முதலிடத்தில் இருந்தது. யாருடையது என்று இதற்கு மேல் எதைக் காட்டுவது?

நான்தான் கொன்றேன். கவனமாக, தெரிந்தே. கையெழுத்துப் போடுகிறேன், தாளைக் கொடுங்கள்.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். உங்கள் ஆள் கத்தேமாக்கோவில் இதே போன்ற இன்னொரு மெஷினைப் போட்டுப் பார்த்தாராம். அதிலும் முதலில் வந்தது பி, யு, ஆர், ஐம்பதாயிரம்தானாம். “செஞ்சவங்க ஃபேக்டரியிலயே போட்டு அனுப்புற எழுத்து அது. உங்களோடதும் இல்ல, அவரோடதும் இல்ல” என்றீர்கள். இரவெல்லாம் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கத்தேமாக்கோவுக்கு அப்பா என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கேயும் ஒரு மெஷின் இருந்தது, இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது.