விழ மறுத்த படை

— முடியாது சேர். நான் விழுக மாட்டேன்.

— பேச்சியம்மாக்கா, திரை தூக்க அஞ்சு நிமிசந்தான் இருக்கு. 1815. கண்டி ராஜாவோட படை தோக்குது. நீங்கதான் அந்தப் படை. வரலாறு அப்படி.

— போன சீன்ல ஜெயிச்சமே?

— அது 1803.

— பன்னெண்டு வருசத்துல என்னா வந்துச்சு? நல்லாத்தான இருந்தோம்?

— ராஜாவோட பிரதானிகளே கட்சி மாறிட்டாங்க.

— அப்ப அவங்கள விழுகச் சொல்லுங்க.

— ஒத்திகையில ஒம்பது தடவ விழுந்தீங்களே அக்கா!

— அப்ப வெள்ளக்காரன் வேசம் போட்டது பிரேமினி. அவளுக்குக் காய்ச்சல்னு தொப்பிய இன்னிக்கு யாரு தலையில வச்சீங்க?

— நாகலெட்சுமி.

— அவ எனக்கு யாரு?

— நாத்தனாரு.

— இருவது வருசமா ஒரு பேச்சுலகூட அவகிட்ட தோத்ததில்ல சேர். ஹட்டன் சனம் பூரா பாக்க அவ காலடியில விழுகவா? நான் விழுகிற எடத்த இப்பவே வெளக்கமாத்தால கூட்டி வச்சிட்டு, ஒட்டு மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கிறா.

— இது மாதர் சங்கத்து நாடகம். குடும்பச் சண்ட இல்ல. அந்தக் காலத்துல ராஜா படைக்குச் சோறுகூட குடுக்கல. ஆளாளுக்குக் கட்டிக்கிட்டு வந்து சண்ட போட்டாங்க...

— நானும் ரொட்டி கட்டிக்கிட்டுத்தான் வந்தேன். அதையும் அவதான் தின்னா.

— அக்கா, நம்ம நாட்டுப் படைகளோட கதை இது, எழுத மூணு வருசமாச்சு எனக்கு. இன்னும் மூணு சீன் இருக்கு. வெள்ளக்காரன் பட்டாளம், 1881 தொண்டர் படை, 1949 நம்ம ராணுவம். நீங்க விழுந்தாத்தான் அடுத்த படை மேடைக்கு வரும். இல்லாட்டி நாடகப் போட்டியில நம்ம சங்கத்துப் பேரே இருக்காது.

— அடுத்த படை வரட்டுமே. நான் ஓரமா நின்னுக்கிறேன்.

— ஓரமா நிக்க ஏலாது! ராஜா படை நின்னா வெள்ளக்காரன் மல ஏறல. ஏறலன்னா ரோடு இல்ல, தேயிலத் தோட்டம் இல்ல, நாம குடியிருக்கிற லயம் இல்ல. ஒங்க பாட்டன் திருச்சியிலயே இருந்திருப்பாரு.

— எங்க வீட்டுக்காரரோட பாட்டன்?

— மதுரையில.

— அப்ப நானும் அவரும்?

— பாத்திருக்கவே மாட்டீங்க.

— கல்யாணம்?

— நடந்திருக்காது.

— நாத்தனாரு?

— கெடையவே கெடையாது. இப்ப வெளங்குதா, நீங்க விழுகிறது எவ்வளவு முக்கியம்னு?

— நல்லா வெளங்குது சேர். ராஜா ஜெயிச்சுட்டாருன்னு மைக்குல சொல்லிருங்க.